‘சரி அண்ணாச்சி’க்கு நான் கொடுத்த சான்றிதழ்

வகுப்பில் எல்லாரும் ஒரே நேரத்தில் தலையாட்டினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். மொழி சொல்லிக்கொடுக்கப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அது சந்தோஷமான காட்சியாகத் தெரியும். பாடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அடுத்த பக்கத்தைப் புரட்டுவீர்கள். நான் புரட்டமாட்டேன். இவர்களில் யார் என்னை ஏமாற்றுகிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். “அந்த டீச்சருக்கு எல்லாத்துலயும் சந்தேகம்” என்று சங்கரன்கோவிலில் என்னிடம் படித்தவர்கள் பாதிப்பேராவது சொல்லியிருப்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். சந்தேகப்பட்டதற்காக நான் வருத்தப்பட்டதே இல்லை. சந்தேகப்பட்டும் சும்மா இருந்த ஒரு நாளுக்காகத்தான் இன்றுவரை வருத்தப்படுகிறேன்.

உங்கள் பயிற்சிக் கூட்டத்தில் வந்து பேசச் சொன்னீர்கள். மேடையில் நின்றால் எனக்குக் கோபம்தான் வரும், அதனால் எழுதியே தருகிறேன் என்றேன். பாடத்திட்டம், பயிற்சித்தாள், செயலி இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதப் போவதில்லை.

ரதவீதியில் எங்கள் வீட்டு முன்னறையில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இந்தி டியூஷன் எடுத்தேன். எல்லாம் பரீட்சைக்கான இந்தி. பசுவைப் பற்றி ஒரு கட்டுரை, ரயில் பயணத்தைப் பற்றி ஒரு கட்டுரை, லீவு லெட்டர் ஒன்று. மனப்பாடம் செய்தால் பாஸ். ராயகிரியிலிருந்து பஸ் ஏறி வந்து படித்த ஒரு வங்கி ஊழியர், நான் வைத்த எல்லாப் பரீட்சையிலும் முதல் வகுப்பு. கான்பூருக்கு மாற்றலானார். போய் இறங்கிய அன்றைக்கே ஸ்டேஷன் வாசலிலிருந்து எனக்கு ஃபோன்.

“டீச்சர், இங்கன ஒரு ஆள்ட்ட ஃபோனக் குடுக்கேன். எங்க பேங்க் இருக்க தெருவுக்கு எப்படிப் போகணும்னு கேட்டுச் சொல்லுங்க.”

“ஏன், நீங்களே கேக்க வேண்டியதுதான?”

“கேட்டேன் டீச்சர். அவன் பதில் சொல்லுதாம்லா, அதுதான் பிரச்சினை.”

அன்றைக்கு நான் சிரித்தேன். வீட்டில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன். பிறகு, ஃபோனை வைத்துவிட்டு அந்த மனிதர் அந்தக் கூட்டத்தில் எப்படி நின்றிருப்பார் என்று நினைத்தபோது சிரிப்பு போய்விட்டது. ரயில் பயணக் கட்டுரை அவருக்குத் தலைகீழாகத் தெரியும். ஸ்டேஷனைவிட்டு வெளியே வரத் தெரியவில்லை. அவருக்கு வாயைக் கொடுத்திருந்தேன், காதைக் கொடுக்கவில்லை. அதிலிருந்து யாராவது கடகடவென்று ஒப்பித்தால் எனக்கு முதலில் வருவது பாராட்டு இல்லை, சந்தேகம்தான்.

இவ்வளவு தெரிந்தவள்தான் அடுத்ததையும் செய்தேன்.

டியூஷனுக்குப் பிள்ளைகள் வருவது குறைந்துபோன சமயம். ராஜபாளையம் போகிற வழியில் உள்ள ஒரு நூற்பாலையிலிருந்து ஹெச்.ஆர். மேனேஜர் வீட்டுக்கே வந்தார். அவர்கள் மில்லில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள், விடுதியிலேயே தங்கியிருக்கிறார்கள், அவர்களுக்குத் தமிழ் சொல்லித்தர வேண்டும், உங்களுக்கு இந்தி தெரியுமே என்றார். இரண்டு மாத வகுப்பு. முடிவில் ஆளுக்கு ஒரு சான்றிதழ்.

“சான்றிதழ் எதுக்கு?” என்றேன்.

“சும்மா ஃபைலுக்குத்தான் டீச்சர்.”

சும்மா என்று யாராவது சொன்னாலே எனக்குக் காது கூர்மையாகிவிடும். அவர் நீட்டிய மாதிரித் தாளைப் படித்தேன். ‘வேலையிடத்தில் தமிழில் தரப்படும் அறிவுரைகளைப் புரிந்துகொள்ளக்கூடியவர்’ என்று அச்சடித்திருந்தது. இது எதற்காக ஃபைலில் இருக்க வேண்டும் என்று ஒரு கேள்வி தொண்டைவரை வந்தது. அதைக் கேட்காமல் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். காலியாகக் கிடக்கிற முன்னறையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் காரணம்.

விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் வகுப்பு. ஷிஃப்ட் முடித்துத் தலையில் பஞ்சோடு வந்து உட்காருவார்கள். நான் நாற்பது வாக்கியம் எழுதி வைத்திருந்தேன். ‘உன் பெயர் என்ன?’, ‘நீ எங்கிருந்து வருகிறாய்?’, ‘இது பாபின்’, ‘சுவிட்சைப் போடாதே’. எல்லாம் சுத்தமான புத்தகத் தமிழ். அர்த்தத்தை இந்தியில் சொல்வேன். புரிந்ததா என்று இந்தியில் கேட்பேன். மொத்தக் கூடமும் ‘ஜி’ என்று ஆமோதிக்கும்.

அதில் ஃபூல்மணி என்று ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். முதல் வரிசையில் முதுகு வளையாமல் உட்காருவாள். நாற்பது வாக்கியத்தையும் முதலில் ஒப்பித்தது அவள்தான், உச்சரிப்பும் அப்படியே என் உச்சரிப்பு. மேனேஜர் வகுப்பைப் பார்க்க வந்த அன்று அவளைத்தான் எழுப்பிவிட்டேன். பொரிந்து தள்ளினாள். மேனேஜர் கைதட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தேகக்காரிக்கும் புகழ்ச்சி பிடிக்கும், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கடைசி வாரத்தில் ஒருநாள் கேள்விகளின் வரிசையை மாற்றிக் கேட்டேன். “சாப்பிட்டாயா?” என்றேன். “நான் ஜார்க்கண்டிலிருந்து வருகிறேன்” என்றாள். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பழைய வரிசைப்படி கேட்டேன். ஒரு பிழை இல்லை. அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. இவள் கேள்வியைக் கேட்பதில்லை, எத்தனையாவது கேள்வி என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

நான்கு நாள் கழித்துச் சான்றிதழ்களைக் கட்டாகக் கொண்டுவந்து வைத்தார்கள். அவள் பெயர் வந்தபோது பேனா நின்றது. வாசலில் மேனேஜர் காருக்கு அருகே காத்திருந்தார். போட்டுவிட்டேன்.

வகுப்பு முடிந்து மூன்று வாரம் இருக்கும், மேனேஜரிடமிருந்து ஃபோன். “டீச்சர், நாளைக்குக் காலைல பத்து மணிக்கு மில்லுக்கு வந்துருங்க. சின்ன ஃபார்மாலிட்டி.” என்ன விஷயம் என்று மடக்கி மடக்கிக் கேட்டுத்தான் வாங்கினேன்.

ஐந்து நாளைக்கு முன்பு ஒரு மெஷினில் பஞ்சு சிக்கி நின்றுவிட்டது. சண்முகவேல் என்ற ஃபிட்டர் உள்ளே கையைவிட்டு அதை எடுத்துக்கொண்டிருந்தார். சுவிட்சுப் பக்கத்தில் ஃபூல்மணி. ‘நான் சொல்லாமல் சுவிட்சைப் போடாதே’ என்று சூப்பர்வைசர் கணேசன் அவளிடம் சொல்லிவிட்டு அடுத்த மெஷினுக்குப் போனார். அவள் “சரி அண்ணாச்சி” என்றாள். அடுத்த நிமிடம் போட்டுவிட்டாள். சண்முகவேலுக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

மறுநாள் போனேன். மேனேஜர் அறையில் மாவட்டத்திலிருந்து வந்த ஆய்வு அதிகாரி நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் மேனேஜர், கணேசன். மறுபக்கம் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வந்திருந்த சண்முகவேலின் தம்பி. ஃபூல்மணி சுவரோரமாக நின்றாள். ஆறு நாளில் பாதியாகியிருந்தாள். என்னைப் பார்த்ததும் வகுப்பில் எழுந்து நிற்பதுபோல முதுகை நிமிர்த்தினாள்.

தம்பி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “எங்க அண்ணன் கையப் பாத்துட்டு வாரேன் சார். சொன்ன பேச்சக் கேக்காம இவ போட்டிருக்கா. அதை மட்டும் எழுதிக் குடுங்க, நான் ஸ்டேஷன்ல பாத்துக்கிடுதேன்” என்றார். அதிகாரி அப்படி எழுதினால் அந்தப் பெண்ணுக்கு ஜெயில்தான். மொழி தெரியாத ஊரில், தெரிந்தவர் யாரும் இல்லாமல்.

அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அவளைப் பார்த்து நிதானமாகக் கேட்டார். “சூப்பர்வைசர் உங்ககிட்ட சொன்னாராம்மா?”

“ஆமா சார்.”

“நீங்க சரின்னு சொன்னீங்களா?”

“ஆமா சார்.”

“அவர் சொன்னது புரிஞ்சுதா?”

“ஆமா சார்.”

மேனேஜர் ஒரு தாளை மேஜையில் தள்ளினார். “தமிழ் தெரியும்னு சர்ட்டிஃபிகேட் இருக்கு சார். கையெழுத்துப் போட்ட டீச்சரே இங்க இருக்காங்க.”

அப்போதுதான் ‘சும்மா ஃபைலுக்கு’ என்பதன் அர்த்தம் மண்டையில் ஏறியது. நாளைக்கு ஏதாவது நடந்தால், நாங்கள் சொன்னோம், அவளுக்குப் புரிந்தது என்று காட்ட ஒரு தாள் வேண்டும். அந்தத் தாளுக்காக இரண்டு மாதம் பஸ் ஏறிப் போய் வந்திருக்கிறேன்.

“சார், நான் அவட்ட இந்தியில நாலு வார்த்தை கேக்கணும்” என்றேன்.

மேனேஜர் குறுக்கே விழுந்தார். “இந்தியில நீங்க அவளுக்கு என்ன சொல்லிக் குடுக்கீங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும் டீச்சர்?” தம்பியும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அதிகாரிக்கு இந்தி தெரியாது. இப்போதைக்குத் தமிழிலேயே முடித்துவிடலாம் என்றார். எனக்குக் கோபம் பொங்கியது. ஆனால் அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் என்னைச் சந்தேகப்பட்டிருப்பேன்.

அந்த அறையில் நான் சந்தேகப்படாத ஆள் இல்லை. அன்றைக்கு எப்படிச் சொன்னீர்கள் என்று அதிகாரி கேட்டபோது கணேசன், “நான்... சொல்லும்வரை... சுவிட்சைப்... போடாதே” என்று ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோலச் சொல்லிக் காட்டினார். இந்த மனிதர் ஷிஃப்ட் மாறும்போது விடுதி வாசலில் நின்று பேசுவதை நான் இரண்டு மாதம் கேட்டிருக்கிறேன். ஒரு வார்த்தை முடிவதற்குள் அடுத்த வார்த்தை அதன்மேல் ஏறி உட்காரும். அதுவும் மெஷின் இரைச்சலில், போகிற போக்கில், முகத்தைத் திருப்பிக்கொண்டு. சுவிட்சு என்ற ஒரு சொல்தான் அவள் காதில் விழுந்திருக்கும்.

அவளையும் சந்தேகப்பட்டேன். மறைப்பானேன். ஒருவேளை அவளுக்கு நன்றாகப் புரிந்திருந்து, ஏதோ அவசரத்தில் போட்டிருந்தால்? எதுவும் தெரியாதவள் மாதிரி நிற்பதுதான் இப்போது அவளுக்குப் பாதுகாப்பு. வகுப்பில் பாடம் படிக்காமல் வந்துவிட்டு மக்கு மாதிரி விழிக்கிற கெட்டிக்காரிகளை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். ஒரு வேலையைச் சொல்லிச் செய்யச் சொல்லலாம் என்றால், புரிந்தவளும் வேண்டுமென்றே தப்பாகச் செய்யலாம். தப்பாகச் செய்வதற்கு நடிப்பு வேண்டியதில்லை.

அதிகாரி பேனாவைத் திறந்தார். எனக்கு இருந்த நேரம் அவ்வளவுதான்.

ஒரு துண்டுத் தாளை எடுத்து இரண்டு வரி எழுதினேன். “சார், கணேசன் அண்ணாச்சி இத ஒரே ஒரு தடவை அவட்ட சொல்லட்டும். இது தமிழ்தான். நான் வாயே திறக்கல” என்றேன். அதிகாரி படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். மறுபடியும் படித்தார். தாளைக் கணேசனிடம் கொடுத்துவிட்டார்.

கணேசனுக்கு ஒன்றும் ஓடவில்லை. “இத எதுக்கு டீச்சர் நான்...”

“சொல்லுங்க அண்ணாச்சி. ஆனா ஷிஃப்ட்ல எப்படிச் சொல்வீங்களோ அப்படி. மெதுவாச் சொன்னீங்கன்னா சாரே கண்டுபிடிச்சிருவாரு.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பழக்கதோஷம், பேச ஆரம்பித்ததும் முகம் தானாக ஜன்னல் பக்கம் திரும்பியது. “ஏட்டி, ஒம்மேல ஒரு குத்தமும் இல்லன்னு முடிவாயிட்டு, இனிம யாரும் ஒன்ன ஒண்ணும் சொல்லமாட்டாவ, வேணும்னா நாளைக்கே ஒங்க ஊருக்குக் கெளம்பிக்கோ, கேட்டியா?”

ஃபூல்மணி தலையைக் குனிந்தபடியே, “சரி அண்ணாச்சி” என்றாள்.

அதே குரல். கண் நிமிரவில்லை. முந்தானையைத் திருகிக்கொண்டிருந்த விரல் நிற்கவில்லை. ஆறு நாளாக அவள் கேட்கத் துடித்த வார்த்தை அது. அவளுக்கு அது பாபினை எடு, கூடையைத் தள்ளு என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. அடுத்த உத்தரவுக்குக் காத்து நின்றாள்.

முதலில் பேசியது சண்முகவேலின் தம்பி. “அவளுக்கு ஒண்ணுமே வெளங்கல சார்” என்றார். சொல்லிவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நான் செய்தது ஒரு வகையில் கொடுமைதான். இன்னும் முடிவாகாத ஒன்றை முடிவானதாகச் சொல்ல வைத்தேன். அவளுக்குப் புரிந்து, முகம் மலர்ந்து, பிறகு அது பொய் என்று தெரிந்திருந்தால் அந்தப் பாவம் என்னை விட்டிருக்காது. அதையும் தெரிந்துதான் செய்தேன். வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. இன்று யோசித்தாலும் தோன்றவில்லை.

அதிகாரி சான்றிதழைக் கையில் எடுத்தார். “அப்ப இது என்னம்மா?”

“அது பொய் சார். கையெழுத்து என்னோடதுதான்.”

“டீச்சர், யோசிச்சுப் பேசுங்க” என்றார் மேனேஜர்.

“யோசிக்காமக் கையெழுத்துப் போட்டதுக்குத்தான் இங்கன வந்து நிக்கேன்.”

வரிசை மாற்றிக் கேட்ட அன்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். தெரிந்தேதான் போட்டேன் என்றும் சொன்னேன். மற்ற எல்லாச் சான்றிதழும் செல்லாது என்று அங்கேயே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அந்த உத்தரவு அவளுக்குப் புரிந்திருக்க வழியில்லை, அவள்மேல் குற்றம் இல்லை, ஒரு ஆளின் கை உள்ளே இருக்கும்போது மெஷின் வாய்வார்த்தையை நம்பி நின்றதே தவறு, சுவிட்சுக்குப் பூட்டு இருந்திருக்க வேண்டும் என்று அதிகாரி எழுதினார். தம்பி அதைப் படித்துப் பார்த்துவிட்டு மேனேஜரை ஒரு பார்வை பார்த்தார். இனி அவர் வழக்கு யாரோடு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மில்லில் என் வகுப்பு அத்தோடு முடிந்தது. ஊரிலும் பேச்சு வந்தது. பொய்ச் சான்றிதழ் கொடுத்த டீச்சர் என்று ஒரு பக்கம், மில்லைக் காட்டிக்கொடுத்தவள் என்று இன்னொரு பக்கம். இரண்டும் உண்மைதான் என்பதால் நான் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை.

கணேசனைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். மாதங்கள் கழித்து சிவகிரி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது அவரே பக்கத்தில் வந்தார். “டீச்சர், நான் அன்னைக்குப் பொய் சொல்லல. போடாதன்னு சொன்னேன். அவ சரின்னா. நம்பிப் போனேன். ராத்திரியெல்லாம் ஒறக்கம் வரமாட்டேங்கு” என்றார். அவர் சொல்வதை நம்பினேன். நம்புவது எனக்கு அபூர்வம். நம்பக் காரணம் உண்டு. நான் இரண்டு மாதம் செய்ததைத்தான் அவர் ஒரு நிமிடத்தில் செய்திருக்கிறார். கேட்டோம், சரி என்றார்கள், அடுத்ததற்குப் போய்விட்டோம்.

வெளியூரிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் நம் மொழியில் முதலில் பிடித்துக்கொள்வது ‘சரி’தான். அதைச் சொன்னால் திட்டு விழாது, இரண்டாவது தடவை கேட்டு எரிச்சல்பட வைக்க வேண்டாம், வேலை நிலைக்கும். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். கான்பூரில் நின்ற வங்கிக்காரரும் அங்கே தலையைத்தான் ஆட்டியிருப்பார். நம்மிடம் படிக்கிறவர்களும் அதையேதான் செய்கிறார்கள். டீச்சர் முகம் வாடக்கூடாது என்று ஆமாம் போடுகிறார்கள். ஆகவே புரிகிறதா என்று கேட்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். கேட்டால் ஒரே பதில்தான் வரும், அந்தப் பதிலில் ஒன்றும் இருக்காது. சரளமாகப் பேசுகிறவரை இரண்டு மடங்கு சோதியுங்கள். நீங்கள் பேசுகிற சுத்தமான மொழியையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள், வாசலுக்கு வெளியே யாரும் அப்படிப் பேசுவதில்லை. சந்தேகம் வந்தால் அதை அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லுங்கள். மனசுக்குள் வைத்திருந்த என் சந்தேகத்தால் யாருக்கும் ஒரு பயனும் இல்லாமல் போயிற்று.

இவ்வளவும் எழுதிவிட்டேன். ஆனால் அன்று விசாரணை முடிந்து வெளியே வந்த பிறகு நடந்ததை இன்னும் எழுதவில்லை. அதை எழுதத்தான் கை தயங்குகிறது.

ஃபூல்மணியை நான்தான் விடுதிக்கு அழைத்துப் போனேன். வழியில் ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தி, எல்லாவற்றையும் இந்தியில் விளக்கினேன். உன்மேல் குற்றம் இல்லை என்று எழுதிவிட்டார்கள், வழக்கு இல்லை, யாரும் உன்னை எங்கும் கூட்டிப்போக மாட்டார்கள், பயப்படாதே. என் இந்தி நல்ல இந்தி. பரீட்சைக்குத் தயார் செய்த இந்தி. சொல்லி முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

“ஜி” என்றாள்.

அறைக்குள் ‘சரி அண்ணாச்சி’ சொன்னபோது இருந்த அதே முகம்.

விடுதி வாசலில் துலாரி என்ற பெண் ஓடி வந்தாள். ஃபூல்மணியின் பக்கத்து ஊர்க்காரி, வேறு ஷிஃப்ட், என் வகுப்புக்கு வந்தவள் அல்ல. எதையாவது கூடிப் பேசிக் கதை கட்டிவிடுவார்கள் என்று ஃபூல்மணியை ஆறு நாளாக வார்டன் அறைக்குப் பக்கத்தில் தனியே வைத்திருந்தார்களாம், ஃபோனையும் வாங்கிவைத்துக்கொண்டார்களாம். இதெல்லாம் துலாரி இந்தியில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஃபூல்மணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ தாழ்ந்த குரலில் கேட்டாள். அந்த மொழியில் எனக்கு ஒரு சொல்கூடத் தெரியாது.

துலாரி என்னிடம் திரும்பினாள். “போலீஸ் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்கிறாள்” என்றாள்.

அவர்கள் வீட்டில் பேசுவது சந்தாலி என்ற பழங்குடி மொழி. இந்தி ஃபூல்மணிக்குக் கடைத்தெருவில் பொறுக்கிக்கொண்ட நாலு வார்த்தை. பயத்தில் அந்த நாலும் போயிருந்தது. என் வருகைப் பதிவேட்டில் தாய்மொழி என்று ஒரு கட்டம் உண்டு. ஜார்க்கண்ட் என்றதுமே அதில் இந்தி என்று நானே நிரப்பியிருந்தேன். நீ வீட்டில் என்ன மொழி பேசுவாய் என்று இரண்டு மாதத்தில் ஒருநாள்கூட அவளிடம் கேட்கவில்லை. ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட எனக்கு அந்த ஒரு கட்டத்தைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. அவளுக்குத் தெரியாத மொழியை அவளுக்குத் தெரியாத மொழியில் விளக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

துலாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துலாரி அவளிடம் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் ஃபூல்மணி வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். ரொம்ப நேரம் அழுதாள். நானும் அழுதேன், அதை மறைக்க ஒன்றுமில்லை.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு துலாரியிடம் ஏதோ கேட்டாள். மெஷினில் கை மாட்டிய அந்த அண்ணாச்சிக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறாள் என்றாள் துலாரி. யாரும் அவளிடம் சொல்லவில்லை. ரத்தத்தைப் பார்த்ததோடு சரி.

வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது என்று துலாரியிடம் சொன்னேன். துலாரி அதை எப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. ஃபூல்மணி நேராக என்னைப் பார்த்தாள். தன் வலது கையை எடுத்து, இரண்டு விரலை மடக்கி, என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

ஆமாம் என்றேன். அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.